நடக்கிறவருக்கு ஒரு நாய்

என் மாமனார் ஓரிடத்தில் நிலையாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசற்படியைத் தேடிக்கொண்டிருக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்தின் தபாலைச் சுமந்தவர் அவர். விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பி முடிப்பதற்குள் தோல்பையை மாட்டிக்கொண்டு தானா ராத்தா டவுனுக்கு நடந்துவிடுவார். திரும்பும்போது கடிதங்களோடு துரை பங்களாவுக்கு ரொட்டி, ஆபீஸ் கிராணி வீட்டுக்குத் தைலம், தொழிலாளிகளின் லயத்து வீடுகளுக்கு யார் யார் என்னென்ன சொல்லிவிட்டார்களோ அவ்வளவும் வரும். பிறகு தோட்டத்துக்கு ஒரு வேன் வந்தது. அவருக்கு வேலை போயிற்று. காலுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவர் சும்மா நடக்கிறவராக இருந்தார். கூடவே ஒரு கிழட்டு நாய் நடக்கும். அதற்குப் பெயர் வைக்கவில்லை. "டேய்" என்பார், வரும். எவ்வளவு பனி இறங்கினாலும் சாயங்காலம் இரண்டு பேரும் ஈரத்தோடு வந்து அடுப்பருகே நிற்பார்கள். யாரும் கவலைப்பட்டதில்லை.

எண்பதுகள் தொடங்கியபோது அவருக்கு மறதி வந்தது. முதலில் வேட்டி எங்கே, கண்ணாடி எங்கே என்று ஆரம்பித்தது. அப்புறம் இறந்துபோன மாமியாரைக் கேட்க ஆரம்பித்தார். அப்போதும் நாய் இருந்ததால் வீடு வந்து சேர்ந்தார். நாய்க்குப் பசித்தால் அது வீட்டுக்குத் திரும்பும், அதன் பின்னால் அவரும் வருவார். ஒரு மழைக்காலத்தில் நாய் செத்தது. அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தலைவலி.

ஒருமுறை அவரை மேல்மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். இன்னொருமுறை கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்த லோரியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஒருநாள் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனோம். அவர் தட்டவில்லை, கத்தவில்லை. மாலையில் நான் வந்து திறந்தபோது சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. "வந்துட்டியாம்மா, இந்தச் சாலை முடியவே மாட்டேங்குது" என்றார். அதற்குமேல் பூட்ட மனம் வரவில்லை.

எனக்கு வேலை ஆயாக்கொட்டகையில். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே எந்த வெள்ளைத் துணி அசைந்தாலும் மாமாவா என்று எழுந்துவிடுவேன். என்னோடு வேலை பார்த்த அக்கா, "நீ உக்காரு லா, உன்னைப் பாத்தா புள்ளைங்களும் தூங்க மாட்டேங்குதுங்க" என்பாள். உட்காருவேன். மறுபடியும் எழுவேன்.

அவரை எல்லோரும் குறை சொன்னபோது எனக்கு அவ்வளவாகச் சொல்லத் தோன்றவில்லை. எனக்கே அந்த மலையில் கால் தரித்ததில்லை. என் தங்கை பினாங்கில் ரேடியோ செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தாள். நானும் போவதாக இருந்தேன், அதற்குள் கல்யாணம் பேசிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் நல்லவர். ஆனாலும் சில காலைகளில் பனி விலகி, தூரத்தில் கீழே போகும் சாலை ஒரு துண்டு தெரிந்தால், கையிலிருக்கும் வேலை கையிலேயே நின்றுவிடும்.

இன்னொரு நாய் வளர்க்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். பக்கத்து லயத்தில் ஒருவர் குடும்பத்தோடு கிளம்பிக் கீழே போனார். தன் நாயைக் கொடுத்தார். செம்பட்டை நிறம், பெரிய உடம்பு, ரொம்பச் சாது. குரைத்தே கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அப்போது மாமா சாப்பிட உட்காரும் கொஞ்சநேரத்துக்கும் மடியில் ஏறிக்கொள்ளும் ஒரு சாம்பல் பூனையும், பின்கட்டில் கூண்டு முயல்களும் இருந்தன. முயல்கள் என் வீட்டுக்காரருடையவை. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரத்தில் வேலை செய்தார். நாள் முழுக்க அந்த இரைச்சல். வீட்டுக்கு வந்தால் சத்தமே போடாத ஒரு உயிர் பக்கத்தில் இருந்தால் போதும் அவருக்கு. கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கேரட் தழையை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருப்பார்.

அந்தச் சாது நாய் வந்த மறுநாள் மாலை கூண்டின் கம்பி பிய்ந்து கிடந்தது. ஒரு முயல் செத்துவிட்டது. பூனை காது கிழிந்து தகரக் கூரைமேல் உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் முயலைப் புதைத்துவிட்டு, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போய் வேலி கட்டும் ஆட்களிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"இனிமே இந்த வீட்டுக்கு நாய் வேணாம் புள்ள. எங்கப்பனை நான் கயித்துல கட்டியாவது பாத்துக்கிறேன்" என்றார். அவரால் அது முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் நாய்களை வைத்துப் பராமரிக்கும் ஒரு சீனப் பெண்மணியைப் பற்றி எங்களுக்குச் சொன்னவர் எரு லோரி ஓட்டும் அண்ணன். மலைக்குக் கீழேயிருந்து காய்கறித் தோட்டங்களுக்குக் கோழிச்சாண மூட்டை ஏற்றி வருவார். என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்.

"தெருவுல கெடக்குறது, வீட்டுக்காரன் உட்டுட்டுப் போனது, எல்லாத்தையும் வச்சி சோறு போடுது அந்தம்மா. வேணும்னா குடுக்கும். ஆனா சும்மா குடுக்காது. உங்க வீட்டுல என்ன இருக்கு, யாரு இருக்கா, எல்லாம் கேக்கும். போலீஸ் மாதிரி" என்றார்.

"பூனை இருக்குன்னு சொன்னா?" என்றேன்.

"அதுகிட்டயே பூனை இருக்கு லா. நாயைக் கொண்டாந்து பூனை முன்னாடி நிறுத்திக் காட்டும்."

என் வீட்டுக்காரர் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் அந்த வாரமே லீவு கேட்டு லோரியில் ஏறிவிட்டேன். பூனை படுக்கும் சாக்குத்துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். முயல் கூண்டிலிருந்து கொஞ்சம் வைக்கோலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. வாசனையைக் காட்டினாலாவது அந்த நாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதா என்று ஒரு எண்ணம்.

அடிவாரத்துத் தாப்பா வரைக்கும் வளைவுகள். இறங்க இறங்கக் கம்பளிச் சட்டையைக் கழற்றினேன். மலைக்குக் கீழே வெயில் இவ்வளவு கனமாக இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தேன். மாமாவை அன்றைக்கு என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். இருந்தாலும் லோரிக்கு எதிரே நடந்து வருகிற கிழவர் ஒவ்வொருவரையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்த இடம் கைவிட்ட ஈயச் சுரங்கத்து மணல்மேட்டில் இருந்தது. பின்னால் சுண்ணாம்புக் குன்று, முன்னால் சுரங்கம் தோண்டி விட்டுப்போன குளம், நடுவில் தகரக் கொட்டகைகளும் கம்பி வேலியும். நாய்களின் சத்தம் காதை அடைத்தது. அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். ரப்பர் பூட்சும் ஆண்கள் சட்டையும் போட்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேரும் கடைத்தெரு மலாயில் பேசிக்கொண்டோம். அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

லோரி அண்ணன் சொன்னது சரிதான். எல்லாம் கேட்டார். வீட்டுக்கு வேலி உண்டா, குழந்தை உண்டா, பகலில் யார் இருப்பார்கள், குளிரில் நாய் எங்கே படுக்கும். முன்பு ஒரு நாய் வந்து முயலைக் கொன்றதையும் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"அப்புறம் ஏன் மறுபடியும்?"

"வேணும்" என்றேன். அப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல வந்தது.

முதலில் எனக்குப் பிடித்தது ஒரு மூலையில் படுத்திருந்த பழுப்பு நாய். மற்றவை எல்லாம் வேலியில் மோதிக் குரைக்க, அது மட்டும் முன்கால்மேல் தலைவைத்து அழகாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைச் சங்கிலியில் அழைத்து வந்து முற்றத்தில் நிறுத்தினார். பிறகு தன்னுடைய பூனையைக் கம்பிக் கூடையில் கொண்டுவந்து தூரமாக வைத்தார். பழுப்பு நாய் குரைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டது. உடம்பு கட்டையாகிவிட்டது. கண் இமைக்கவே இல்லை. அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். செம்பட்டை நாயும் எங்கள் முயல் கூண்டை அப்படித்தான் பார்த்தது. அப்போது அதைச் சாது என்று நினைத்தேன்.

"இது வேணாம்" என்றேன். அவரும் தலையாட்டினார்.

அடுத்து ஒரு கிழட்டுப் பெண்நாயைக் கொண்டுவந்தார். குண்டு உடம்பு, வெளுத்த முகவாய். பூனையைப் பார்த்து வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. சாக்கையும் வைக்கோலையும் மூக்கருகே வைத்தேன். முகர்ந்துவிட்டுச் சாக்கின்மேலேயே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டது.

"உனக்கு இதுதான். கண்ணை மூடிக்கிட்டுக் கூட்டிட்டுப் போ" என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பூனைக்குப் பயமில்லை, முயலுக்குப் பயமில்லை. ஆனால் அந்த நாய் எழுந்து நாலடி நடந்ததைப் பார்த்தேன். இடுப்பு ஆடியது. எங்கள் வீட்டிலிருந்து பெரட்டுக்களத்துக்கு ஏறும் படிகளைக்கூட அது தாண்டாது. மாமா அதைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்.

அப்போதுதான் கடைசிக் கொட்டகையில் இருந்ததைக் கவனித்தேன். கறுப்பும் வெள்ளையும் கலந்த ஒல்லி ஆண்நாய். வேலியோரமாக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தது. குரைக்கவில்லை, ஆளைப் பார்க்கவில்லை. அது நடந்து நடந்து மணலில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது, மாட்டுவண்டித் தடம் மாதிரி. சுவரோரமாக நடந்த மாமாவின் வீங்கிய கால்கள் எனக்கு ஞாபகம் வந்தன. அங்கேயே நின்றுவிட்டேன்.

"அதைப் பார்க்காதே" என்றார் அந்தப் பெண்மணி. "கூட்டிட்டுப் போனவங்க திரும்பக் கொண்டுவந்து விட்டுட்டாங்க, ஒரு தடவை இல்ல, பல தடவை. கட்டினா கயித்தைக் கடிக்கும். திறந்தா ஓடும். அதால வீட்டுல இருக்க முடியாது."

"பூனை முன்னாடி நிறுத்திக் காட்டுங்க."

"வீண் வேலை."

"காட்டுங்களேன்."

முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தார். அது நேராகக் கூடையருகே போய் மூக்கை வைத்தது. பூனை கம்பிக்கிடையே கையை விட்டு ஒரு அறை கொடுத்தது. நாய் தும்மியது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தது. அதற்குப் பூனையில் அக்கறையே இல்லை. வைக்கோலை முகர்ந்தது, சாக்கை முகர்ந்தது, மறுபடியும் நடந்தது.

"இதைக் குடுங்க" என்றேன்.

"திரும்பக் கொண்டு வருவே. ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் அது இன்னும் மோசமாகுது. நான் குடுக்க மாட்டேன்."

அப்போதுதான் மாமாவைப் பற்றிச் சொன்னேன். அதுவரை சொல்லக் கூச்சமாக இருந்தது. வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், அவராலும் வீட்டில் இருக்க முடியாது, பூட்டினால் உள்ளேயே நடக்கிறார், அவரோடு நடக்கத்தான் நாய் என்றேன். என் மலாய் அதற்குப் போதவில்லை. கையாலும் காலாலும் நடந்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. சங்கிலியை என்னிடம் நீட்டினார்.

"குளத்தைச் சுற்றி நடந்துட்டு வா."

நடந்தேன். நாய் இழுத்த இழுப்பில் செருப்பு மணலில் மாட்டிக்கொண்டது. பாதிக் குளம் போனதும் மூச்சு வாங்கி நின்றேன். சங்கிலியையும் தளர்த்திவிட்டேன். அது கொஞ்சதூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தது. நான் அசையவில்லை. அது வந்து என் முழங்காலை முகர்ந்துவிட்டு மறுபடி முன்னால் போனது, மறுபடி திரும்பிப் பார்த்தது. சுற்றி முடித்து வந்தபோது அந்தப் பெண்மணி வேலிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூனையையும் இதையும் உடனே ஒண்ணா விடாதே" என்றார். "நடுவுல ஒரு கதவு இருக்கட்டும். பூனை எப்போ இறங்கி வருதோ, அப்போ வரட்டும். நீ தூக்கிக்கிட்டுப் போய்க் காட்டாதே." பிறகு மெதுவாக, "திரும்பக் கொண்டு வர்றதா இருந்தா எங்கேயாவது விட்டுடாதே. இங்கேயே கொண்டு வா" என்றார்.

மலையேறும்போது கோழிச்சாண மூட்டைகளுக்கு முன்னால் நாயைக் கட்டியிருந்தோம். வளைவுக்கு வளைவு அது வாந்தியெடுத்தது. லோரி அண்ணன், "ஏன் தங்கச்சி, இருந்ததுலேயே இதுதான் கெடச்சுதா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் அதே கேள்விதான். ரிங்லெட் தாண்டிக் குளிர் அடித்ததும் அது நடுங்க ஆரம்பித்தது. லோரியை நிறுத்தச் சொல்லி, என் கம்பளிச் சட்டையை எடுத்து அதன்மேல் போட்டேன்.

வீட்டில் மாமா அதை ஏற இறங்கப் பார்த்தார். "இது யாரு வூட்டு நாயி?"

"நம்ம வூட்டுதான் மாமா."

"எளைச்சுப் போச்சே" என்றார், தன் பழைய நாயைச் சொல்வதுபோல. என் வீட்டுக்காரர் போய் முயல் கூண்டை உயரத்தில் தூக்கி ஆணியடித்தார்.

அதற்கப்புறம் வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே பாதிக்கதவு ஒன்றைப் பலகையில் செய்து மாட்டினோம். நாய் கூடத்தில், பூனை அடுக்களையில். பூனை அலமாரி உச்சியை விட்டு இறங்கவில்லை, சாப்பாட்டையும் அங்கேயே வைத்தேன். நாய் பாதிக்கதவுக்கும் வாசலுக்கும் நடந்தது. மாமா வாசலுக்கும் படிக்கும் நடந்தார். என் வீட்டுக்காரர் நிமிடத்துக்கொருமுறை எழுந்து போய்க் கூண்டைத் தொட்டுப் பார்த்தார். நான் சாக்குத்துண்டைப் பூனையிடமிருந்து நாய்க்கும், நாயிடமிருந்து பூனைக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். பூனை சாக்கை முகர்ந்து சீறும். நாய் அதன்மேல் ஏறி நடந்து போகும்.

கயிற்றில் கட்டியே மாமாவோடு அனுப்பலாம் என்று யோசித்திருந்தோம். அவர் எங்களைக் கேட்கவில்லை. ஒரு காலையில் நான் துணி அலசிவிட்டு வந்து பார்த்தால் கயிறு அவிழ்ந்து கிடந்தது. மாமாவும் இல்லை, நாயும் இல்லை. லயத்தைச் சுற்றித் தேடினேன். ஆயாக்கொட்டகைக்குப் போனால் அங்கே குழந்தையை விட வந்த ஒருத்தி, "உங்க மாமாவும் ஒரு நாயும் அணைக்கட்டுப் பக்கம் போறாங்க. நாய் முன்னாடி, அவரு பின்னாடி" என்றாள். மத்தியானம் வேறொருவர் மேல்மலையில் பார்த்ததாகச் சொன்னார். சாயங்காலம் இரண்டு பேரும் நனைந்துபோய் வந்தார்கள். மாமா துண்டால் முதலில் நாயைத் துடைத்தார்.

அப்படியே பல நாள் போயிற்று. நாய் ஓடிவிடவில்லை. நான் மட்டும் ஜன்னலை விட்டு நகரவில்லை. இப்போது மலையில் ஒன்றுக்கு இரண்டாகத் தேட வேண்டியிருந்தது.

ஒருநாள் குழந்தைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது நாய் தனியாக வந்தது. பின்னங்காலில் கடிபட்டு ரத்தம் வழிந்தது. உள்ளே வந்து, குழந்தைகள் கைகழுவும் பாத்திரத்தில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தது.

"மாமா எங்கடா?" என்றேன். அது என்னைப் பார்க்கக்கூட இல்லை.

அக்காவிடம் குழந்தைகளை விட்டுவிட்டு அதன் கழுத்தில் சேலைத் துண்டைக் கட்டி வெளியே இழுத்தேன். வழி காட்டும் என்று நினைத்தேன். அது நேராக வீட்டுக்குப் போய்ச் சாக்கில் படுத்துக் காலை நக்க ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில் அதை அடித்துவிடலாம் போலிருந்தது. அந்தச் சீனப் பெண்மணி சொன்ன கிழட்டு நாயைக் கூட்டி வந்திருந்தால் என்ன, ஏன் இதைப் பிடித்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தொழிற்சாலையிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். எந்தப் பக்கம் தேடுவது? குனிந்து நாயின் காலைப் பார்த்தவர் முகர்ந்தார். "கோழிச்சாணி" என்றார். தேயிலைத் தோட்டத்தில் அந்த வாடை கிடையாது, காய்கறித் தோட்டத்தில்தான் உண்டு. மோட்டார் சைக்கிளை எடுத்தார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். காய்கறித் தோட்டங்கள் நிறைந்த திரிங்காப் பக்கம் போகும் சாலையில் ஒவ்வொரு தோட்டத்திலும் நிறுத்திக் கேட்டோம். பூப்பறிக்கிறவர்கள் பார்க்கவில்லை என்றார்கள். மருந்தடிக்கிற ஆள் கையை விரித்தான். மழை பிடித்துக்கொண்டது. அடுத்த தோட்டத்துக்கு மோட்டாரைத் திருப்பினார் என் வீட்டுக்காரர். அவர் முதுகு விறைத்திருந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது.

திரிங்காப்பில் ஒரு சரிவுக்குக் கீழே முட்டைக்கோஸ் கட்டும் கொட்டகை. உள்ளே கவிழ்த்துவைத்த கூடைமேல் மாமா உட்கார்ந்திருந்தார். கையில் காப்பிக் குவளை. இரண்டு காலும் தரையில் ஒன்றாக இருந்தன. அவர் அப்படி உட்கார்ந்து அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

கோஸ் கட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண் ஒருத்தி எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். "இங்க உள்ள நாயிங்க சேந்து அவரு நாயைத் தொரத்திடுச்சிங்க. அப்போலேருந்து இங்கதான் இருக்காரு. லோரியில கொண்டுபோய் உடுறோம் வாங்கன்னு எவ்ளோ சொல்லிட்டோம். நாய் வரட்டும்ங்கிறாரு. எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு."

நான் அவர் முன்னால் போய்க் குந்தினேன். "மாமா, போலாமா?"

"இரும்மா. அந்தப் பய இன்னும் வரல."

"இவ்ளோ நேரம் இங்கயேவா இருந்தீங்க?"

"பின்ன? அது ஊருக்குப் புதுசு. நான் பாட்டுக்குப் போயிட்டா அது என்னை எங்கன்னு வந்து தேடும்?"

என் வீட்டுக்காரர் கொட்டகைக்கு வெளியே போய் மழையில் நின்றுகொண்டார்.

"அது வீட்டுக்கு வந்துருச்சு மாமா. சாக்குல படுத்திருக்கு."

"வந்துருச்சா" என்றார். குவளையைக் கீழே வைத்தார். "அப்போ போலாம்."

மோட்டாரில் மூன்று பேர் போக முடியாது. அவரை ஏற்றி அனுப்பிவிட்டு நான் நடந்தேன். மழை விட்டிருந்தது. அந்தச் சாலையில் நான் தனியாக நடந்ததே இல்லை. பாதிவழியில் தானா ராத்தா பஸ் வந்தது. கையை நீட்டினால் நிற்கும். எங்கள் தோட்டத்துத் திருப்பத்தில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தால் தானா ராத்தா, அங்கிருந்து தாப்பா, தாப்பாவிலிருந்து எங்கே வேண்டுமானாலும். கை எழவில்லை. பஸ் போனபிறகும் கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன். பிறகு வேகமாக நடந்தேன்.

அன்றைக்கு எங்களுக்கு ஒன்று புரிந்தது. அவரை வீட்டுக்கு அழைத்து வரும் திறமை அந்த நாய்க்கு இல்லை. ஆனால் அதைக் காணவில்லை என்றால் அவர் நின்றுவிடுவார். யார் சொல்லியும் நிற்காதவர் அதற்காக நிற்பார். தோட்டத்திலும் திரிங்காப் வரையிலும் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தோம்: நாய் தனியாக வந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள், அவர் பக்கத்தில்தான் எங்காவது உட்கார்ந்திருப்பார். பிறகும் சிலமுறை அப்படி நடந்தது. ஒவ்வொருமுறையும் உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்தார்.

பூனை அலமாரியிலிருந்து இறங்கியது எப்போது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் பாதிக்கதவின் மேல் உட்கார்ந்திருந்தது. இன்னொரு நாள் கூடத்தில் மாமாவின் மடியில் இருந்தது, நாய் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. நாயின் மூக்கில் ஒரு கீறல் மட்டும் புதிதாக இருந்தது. முயல்களை நாய் கடைசிவரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் கூண்டை மறுபடி தரைக்கு இறக்கினார், ஆனால் ஆணிகளைச் சுவரிலேயே விட்டுவைத்தார்.

மாமாவுக்குக் கடைசியில் கால் விழுந்தது. கட்டிலை ஜன்னலருகே போட்டோம். நாய் தனியாக நடக்கப் போய்விட்டு வரும். வந்ததும் அவர் கையை நீட்டி அதன் முதுகைத் தடவுவார். "மேல்மலையில மழை" என்பார். இன்னொரு நாள் அதன் பாதத்தை முகர்ந்துவிட்டு, "திரிங்காப் வரைக்கும் போயிருக்கான், களவாணி" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலத்தில் சளி நெஞ்சுக்கு இறங்கி, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். எடுத்துப்போன அன்று நாய் வீட்டில் இல்லை. மறுநாள்தான் வந்தது, வயிறெல்லாம் சேறாக.

இனி அது போய்விடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். போகவில்லை. நானும் பினாங்குக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அதனோடு நடக்க ஆரம்பித்தேன். முதலில் அணைக்கட்டு வரை, பிறகு மேல்மலை, பிறகு இன்னும் தூரம். கல்யாணமாகிவந்து இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத சரிவெல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது.

ஒரே ஒரு தொல்லை. மாமா இல்லாமல் போனபிறகு பூனைக்குப் படுக்க மடியில்லை. குளிர் அதிகமான காலைகளில் அது நாயின் வயிற்றோரம் சுருண்டுகொள்ளும். நடக்காமல் இருக்க முடியாத அந்த நாய் கண்ணை வாசல்மேல் வைத்துக்கொண்டு, உடம்பு அசையாமல், தோல் மட்டும் துடிக்கப் படுத்திருக்கும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கூப்பிடுவேன். வராது. பூனை தூங்கி எழுந்து, முதுகை வளைத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு போகும்வரை நானும் நிற்க வேண்டியதுதான்.